பச்சையா, நாய்க்குட்டியா, கறுப்பா

காலையில் பட்டனை அமுக்கிவிட்டு முறைக்கா போய் முகம் கழுவி, டீ குடித்து, இரண்டு பேரைத் திட்டிவிட்டு வருவாள். அப்போதும் அந்தக் கம்ப்யூட்டர் முழுதாகக் கண் திறந்திருக்காது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவளுடைய பரம்பரையையே விசாரிப்பான்.

"கொஞ்சம் இருப்பா. அதுக்கும் வயசாச்சுல்ல" என்பாள் அவள்.

கிடங்கு வாசலை ஒட்டிய தகரக் கூரை அறை அது. ஜன்னலில் வெளியே பார்த்தபடி திரை, உள்ளே ஒரு மேசை, முதுகுக்குப் பலகை வைத்துக் கட்டிய நாற்காலி. முறைக்காவும் ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவள்தான். முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி வெளியே வந்ததும், இடுப்பில் பெல்ட்டைக் கட்டி அவளை இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். அவள் வேலை முறை சொல்வது, அதனால்தான் முறைக்கா. லாரி வந்தால் எந்தக் கேங் இறக்க வேண்டும் என்று திரை காட்டும். இறக்கி முடித்த கேங் வரிசையின் கடைசிக்குப் போகும், அடுத்தது மேலே வரும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் மூன்று கேங்கின் சோறும் அந்த வரிசையில்தான் இருந்தது.

முன்பு பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாராவது எச்சில் தொட்டு அழிப்பார்கள். அழித்தது யார் என்று கேட்கப் போய் ஒருநாள் மூட்டைக் கொக்கி ஒருத்தன் முழங்கையில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் கம்பெனியும் கூலிக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். இனி முறையைக் கம்ப்யூட்டர் சொல்லும். அது சொல்லிக்கொண்டிருக்கும்வரை கம்பெனி அதில் மூக்கை நுழைக்காது.

கம்பெனி இத்தனை காலமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது என்பது மேனேஜர் வந்து நின்ற அன்றுதான் தெரிந்தது.

"இந்த விண்டோஸுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாதும்மா. புது விண்டோஸ் இந்தப் பெட்டியில ஏறாது. பாதுகாப்பு இல்லாத மெஷினைக் கம்பெனி லைன்ல செருகி வைக்க முடியாது. இந்த வாரத்தோட எடுத்துடணும்."

"எடுத்துட்டு?"

"ஆப் இருக்கு. எல்லாரும் போன்ல ஏத்திக்கலாம். யார் வேகமா இறக்குறாங்கன்னு அதுவே பாத்துக்கும். வேகமானவங்களுக்கு லாரி குடுக்கும். உங்களுக்கும் நல்லதுதான்."

"மெதுவா இறக்குறவங்களுக்கு?"

"அவங்க வேகமா இறக்கக் கத்துக்கணும்."

"எங்க வீட்டுக்காரருக்கு முட்டி தேஞ்சு போச்சு சார். தேஞ்ச முட்டிக்கு நீங்க என்ன கத்துத்தரப் போறீங்க?"

பதில் சொல்வது மேனேஜரின் வேலையில் சேர்ந்தது இல்லை. போய்விட்டார்.

முறைக்காவின் வீட்டுக்காரன் பழைய கேங்கில் இருந்தான். ஆள் உயரம், பெயர் நெட்டை. அந்தக் கேங்கில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று போயிருந்தது. ஒருத்தனுக்கு முட்டி, ஒருத்தனுக்குத் தோள், ஒருத்தனுக்கு மூச்சு. ஆனாலும் அவர்கள் முறை வந்தால் அவர்கள்தான் இறக்குவார்கள். லாரி மதியம்வரை நின்றாலும் நிற்கட்டும். ஆப் வந்தால் அவர்களுக்கு ஒரு லாரி கிடைக்காது. யாரும் அவர்களைப் போகச் சொல்ல மாட்டார்கள். போன் அடிக்காது, அவ்வளவுதான். அடிக்காத போனை எதிர்த்து எவன் சண்டை போட முடியும்?

அவள் எதிர்ச்சாரியில் ரிப்பேர் கடை வைத்திருந்த ஸ்க்ரூவைக் கூப்பிட்டாள். காதில் பென்சிலுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பதால் அந்தப் பெயர். பெட்டியைத் திறந்து ஊதினான். ஒரு மூட்டை அளவுக்குத் தூசி கிளம்பியது.

"பெட்டி நல்ல பெட்டிக்கா. உள்ள ஓடுறதுதான் இதுக்குப் பெருசு. கிழவன் தலையில ரெண்டு மூட்டையச் சேத்து ஏத்தின மாதிரி மூச்சு வாங்குது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுருவோம். லேசா இருக்கும், பாதுகாப்பும் புதுசா வந்துட்டே இருக்கும்."

"போட்டுடு."

"எந்த லினக்ஸ்?"

"என்னய்யா எந்தன்னு கேக்குற? லினக்ஸ்னா லினக்ஸ்தானே?"

"நூத்துக்கணக்குல இருக்குக்கா. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி கட்டி வச்சிருக்கான்."

"எது நல்லது?"

ஸ்க்ரூ பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தான். "அதை மட்டும் கேக்காதீங்க. தெரிஞ்சவங்க நாலு பேரு கூடி அதைப் பேசினா நடுவுல போலீஸ் வரணும்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று கேங்கும் அறை வாசலில் கூடியது. ஸ்க்ரூ மூன்று பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணத் தரகனைப் போல நின்றான். கேள்விகளும் அப்படித்தான் வந்தன.

"எவ்வளவு தின்னும்?"

"முதலாவது கொஞ்சம் அதிகம். ஆனா ஆளு லட்சணமா இருக்கும்."

"ரெண்டாவது?"

"பப்பின்னு பேரு. நாய்க்குட்டி. துளியூண்டு இருக்கும், பறக்கும்."

"கடைசி?"

"டெபியன். அது... நல்ல குடும்பம். இந்தப் பெட்டிக்குன்னா படம் கிடம் எல்லாம் கழட்டிட்டு வெறும் எழுத்தா போடலாம். பேசவே பேசாது."

"அப்ப எங்க மாமனார் மாதிரி" என்றாள் பெண்கள் கேங் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் நெட்டையின் தங்கை. முறைக்காவுக்கு நாத்தனார். பெண்கள் கேங்தான் கிடங்கிலேயே வேகம், பீடிக்கு நிற்காதவர்கள். ஆப்பைப் பற்றி மேனேஜர் சொன்னபோது வாசலில் நின்ற மற்றவர்கள் முறைக்காவைப் பார்த்தார்கள், நாத்தனார் மட்டும் போனைப் பார்த்தாள். அதை முறைக்கா கவனித்திருந்தாள்.

இப்போது எதைப் போடுவது? வேறு இடமாக இருந்தால் கையைத் தூக்கச் சொல்லி எண்ணியிருப்பார்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. ஓட்டில் தோற்றவன் கொக்கியைத் தூக்குவான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எதுவாக இருந்தாலும் முறைதான். மின்விசிறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்குக்கூட முறை இருந்தது. கேங்குக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், ஒவ்வொன்றும் ஒருநாள் வேலை செய்யட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவானது.

ஸ்க்ரூ தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, கம்ப்யூட்டருக்கு இப்படி யாரும் பண்ணமாட்டாங்க. தினமும் அழிச்சு அழிச்சு ஏத்தணும்."

"உனக்கு வலிக்குதா, அதுக்கு வலிக்குதா?"

"எனக்குத்தான்."

"அப்ப ஏத்து."

ரயில் கேங்குக்கு முதல் முறை. ஒருவர் பின்னால் ஒருவர் இடைவெளி இல்லாமல் ஓடுகிறவர்கள், அதனால் ரயில். அவர்கள் லட்சணமானதைக் கேட்டார்கள். மின்ட் என்று ஸ்க்ரூ சொன்ன பெயர் வாயில் நிற்காமல், பச்சை என்றே ஆயிற்று. ஏறி முடித்ததும் திரை பச்சைப்பசேல் என்று வந்தது. ரயில்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண் பரீட்சையில் பாஸான மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்கள். முறைக்கா மவுஸை நகர்த்தினாள். அம்பு கிளம்பி, யோசித்து, பாதி வழியில் இளைப்பாறி, மேலே போய்ச் சேர்ந்தது. லாரிக்காரன் இறங்கி வந்து ஜன்னலில் தலையை விட்டு, "என்னக்கா, படம் வரையறீங்களா?" என்று கேட்டான்.

"பச்சை மேல தப்பில்ல" என்றான் ஸ்க்ரூ. "அதுக்கு வேண்டிய மெமரியில பாதிதான் இதுல இருக்கு. நம்ம பெட்டிக்கு வயிறு சின்னது."

இரண்டாம் நாள் பெண்கள் கேங் கேட்ட நாய்க்குட்டி. அதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பட்டனை அமுக்கிவிட்டு முறைக்கா டீக்குத் திரும்புவதற்குள் அது தயாராகி நின்றது. தொட்டால் ஓடியது, தொடும் முன்பே ஓடியது. லாரிகள் வந்தன, போயின. நாத்தனார் ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, யாரு பாத்த மாப்பிள்ளை? உங்க வீட்டுக்காரர் கேங் பாத்திருந்தா இந்நேரம் திண்டுல சாஞ்சு தூங்கிட்டிருக்கும்."

"உங்க அண்ணன்தான்டி அது. என் தலையில கட்டி வச்சது உங்க வீடு."

"சந்தையில வித்த மாடு, திருப்பி எல்லாம் எடுக்க மாட்டோம்."

மதியத்துக்குப் பிறகு கிடங்குக்குள் மூட்டை நகர்த்தும் பெல்ட்டின் மோட்டாரைப் போட்டார்கள். அது கிளம்பும்போது கரண்ட் ஒருமுறை மூச்சை இழுக்கும். விளக்கெல்லாம் மங்கி எழும். தினமும் நடப்பதுதான். அறையில் இருந்த பேட்டரி உப்பிப்போய் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் அணைந்தது. நாய்க்குட்டிக்கு என்ன, குதித்து எழுந்து வந்தது. கைதட்டக்கூடத் தட்டினார்கள்.

திரையில் ரயில் கேங் என்று இருந்தது.

ரயில் கேங் அப்போதுதான் ஒரு லாரியை இறக்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. வரவேண்டியது பெண்கள் கேங். ஆனால் திரை காலையில் இருந்த வரிசையைக் காட்டியது. அன்று நடந்தது எதுவும் அதற்கு ஞாபகம் இல்லை. திரை சொன்னால் சொன்னதுதான் என்று ரயில்காரர்கள் எழுந்தார்கள். நாத்தனார் லாரியின் பின்கதவில் போய் நின்றுகொண்டாள். யாரோ யாருடைய அம்மாவையோ இழுத்தார்கள். கொக்கி ஒன்று தலைக்கு மேலே போனது. நெட்டை நொண்டிக்கொண்டே ஓடி அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினான்.

மேனேஜர் மாடிப் படியில் நின்று அத்தனையையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தார். கலைந்த பிறகு இறங்கி வந்தார்.

"கம்ப்யூட்டர் முறை சொல்லுதுன்னுதானே பேச்சு? சொல்லலையே. நாளைக்குக் காலையில எல்லாரும் ஆப்புக்கு வந்துடுங்க."

அவர் போனதும் ஸ்க்ரூ மென்று முழுங்கினான். "நாய்க்குட்டி முழுசா மெமரியிலதான்கா ஓடுது. அதான் அந்த வேகம். நாமதான் அப்பப்ப சேமிக்கணும். காலையிலேயே சொன்னேன்."

"சொன்னே. வேகத்தைப் பாத்த மயக்கத்துல என் காதுல ஏறல." முறைக்கா இடுப்புப் பெல்ட்டை இறுக்கினாள். "புதுசா ஒருத்தன் வேலைக்கு வந்தா நாம எதைப் பாப்போம்? தூக்குறதையா பாப்போம்? எவன் வேணாலும் தூக்குவான். கால் இடறினா மூட்டையைக் கீழ விடாம நிக்கிறானா, எண்ணிக்கை மாறாம இறக்குறானான்னுதானே பாப்போம்? மனுஷனுக்குப் பாத்ததை இதுக்குப் பாக்கல. பாக்காதது நான். நாய்க்குட்டியைத் திட்டாதீங்க."

பழைய கேங்கின் முறை பாக்கி இருந்தது. அவர்கள் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை. "மிச்சம் இருக்கிறதைப் போடு" என்று நெட்டை அன்றைக்கே சொல்லியிருந்தான்.

வெயில் சாய்வதற்குள் ஸ்க்ரூ டெபியனை ஏற்றினான். முடித்ததும் திரை முழுக்கக் கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டியது.

"என்னடா இது, இழவு வீடு மாதிரி?" என்றான் ரயில்காரன் ஒருத்தன்.

"இதுக்கு வெறும் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கலாம்" என்றாள் நாத்தனார். "அண்ணி, மேனேஜர் ஆப்புல படமாவது வருது."

"படத்தையா தின்னப்போறே?"

முறைக்கா ஸ்க்ரூவின் பக்கம் திரும்பினாள். அவன் முறை சொல்வதற்கு ஒரு சின்ன நிரலை எழுதிக்கொண்டிருந்தான். ஒரு விசையை அமுக்கினால் மேலே இருக்கும் பெயர் கடைசிக்குப் போகும், அடுத்த பெயர் திரை நிறைய வரும்.

"எழுதி வச்சுட்டுக் காட்டுமா, காட்டிட்டு எழுதுமா?"

"காட்டிட்டு..." ஸ்க்ரூ நிறுத்தினான். "மாத்திடறேன்கா. முதல்ல டிஸ்க்ல எழுதட்டும். எழுதி முடிச்சாத்தான் காட்டும்."

"நேரம் ஆகுமா?"

"கண்ணு இமைக்கிற நேரம்."

"இமைச்சுக்குறோம்."

மாற்றி முடித்ததும் அவள் எழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சுவரில் இருந்த பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினாள். ஸ்க்ரூ பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போட்ட மாதிரி "ஐயோ!" என்றான். திரும்பச் செருகினாள். வெள்ளை எழுத்துகள் மேலே ஓடின. நாய்க்குட்டி அளவு வேகம் இல்லை. பச்சை அளவு மந்தமும் இல்லை. விட்ட இடத்தில் வந்து நின்றது. விசையை அமுக்கினாள், பிடுங்கினாள். செருகினாள், பார்த்தாள். அமுக்கும்போதே பிடுங்கினாள். ஸ்க்ரூ பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டான். "அக்கா, நீங்க அதைச் சோதிக்கலை, பழிவாங்குறீங்க" என்று அங்கிருந்தே கத்தினான்.

"நாளைக்கு மேனேஜர் நம்மளச் சோதிக்கப் போறாரு. எல்லாத்தையும் இன்னிக்கே பாத்துடுறேன்."

ஒரு தடவைகூட முறை தவறவில்லை. யாரும் கைதட்டவில்லை. கைதட்டும்படி அதில் ஒன்றும் இல்லை. கறுப்பில் வெள்ளையாக ஒரு பெயர், அவ்வளவுதான்.

காலையில் மேனேஜர் வரும்போது எல்லோர் போனிலும் ஆப் ஏறியிருந்தது. ஏற்றாதவனுக்குக் கேட் திறக்காது என்று சொல்லியிருந்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இதை எடுக்கச் சொன்னேனே."

"பாதுகாப்பு இல்லாத விண்டோஸைத்தானே சார் எடுக்கச் சொன்னீங்க? எடுத்தாச்சு. இது வேற. புதுசு."

"இதுவா புதுசு? பாத்தா எங்க தாத்தா காலத்துது மாதிரி இருக்கு."

"பாக்க நானும் அப்படித்தான் சார் இருக்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேனேஜரின் காது சிவந்தது. "இது கெட்டுப்போனா யாரு பொறுப்பு?"

"நான்."

"நேத்து அடிதடிக்கு?"

"அதுக்கும் நான்தான். நான் சேமிக்கல. அதைத் தனியா கேளுங்க, பதில் சொல்றேன். ஆனா முறையைக் கம்ப்யூட்டர் சொல்றவரைக்கும் உள்ள வர்றதில்லன்னு கம்பெனி பேசியிருக்கு. சொல்லுது, பாருங்க. படிக்கத் தெரியும்ல சார் உங்களுக்கு?"

"கம்ப்யூட்டர் சொல்லட்டும்மா. நான் தடுக்கல" என்றார் அவர், குரலைத் தணித்து. "ஆப்பும் சொல்லும். எதைக் கேக்கணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

அதுதான் அவருடைய மூளை. அடிக்க வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டரை முறைக்கா பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிட்டாள். நாத்தனாரை எதைப் பிடுங்கிச் சோதிப்பது? வீட்டில் இரண்டு பிள்ளைகள், புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. ஆப்போடு போனால் ஒருநாளைக்கு இரண்டு மடங்கு லாரி. போனால் அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

முதல் லாரி புழுதியோடு உள்ளே வந்து நின்றது. திரையில் பழைய கேங் என்று இருந்தது. அதே நேரம் நாத்தனாரின் இடுப்பில் போன் அடித்தது.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. நெட்டை மட்டும் தங்கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போல ஆகிவிடும் என்று லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனார் போனை எடுத்து உற்றுப் பார்த்தாள். அவளுடைய கேங்கில் ஒருத்தி தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

"உக்காருடி" என்றாள் நாத்தனார்.

"அக்கா, கூப்பிடுதே..."

"கூப்பிட்டா? உக்காரு."

மேனேஜர் இரண்டடி முன்னால் வந்தார். "எடுக்கலைன்னா உங்க ரேட்டிங் இறங்கும்மா. அப்புறம் நீங்களும் அவங்களோட சேந்துடுவீங்க."

"இறங்கட்டும் சார். ஏத்தி இறக்குறதுதானே எங்க பொழப்பே." அவள் போனைச் சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். அது சிமென்ட் தரையில் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. "எனக்கு முறை சொல்ல இது யாரு? எங்க அண்ணி சொல்லட்டும். அவங்க சொல்றதையே நான் பாதிதான் கேப்பேன்."

"டபுள் லாரிம்மா. யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சிட்டுத்தான் உக்காந்திருக்கேன். நாளைக்கு என் கேங்கைவிட வேகமா ஒருத்தி வந்தா எனக்கு அடிக்குமா இது? அடிக்காது. நான் உங்க படிக்கட்டுக்குக் கீழ வந்து நின்னாலும் அடிக்காது. அந்தக் கறுப்புப் பொட்டி கண்றாவியா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா என் பேரை அது முழுங்காது. நேத்து சாயங்காலம் எங்க அண்ணி அதை என்ன பாடுபடுத்தினாங்கன்னு நான் பாத்தேன்."

ரயில் கேங்கில் ஒருத்தனுக்கு அடுத்து போன் அடித்தது. அவன் நாத்தனாரைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். நேற்றுக் கொக்கியைத் தூக்கியவன் அவன்தான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பெரியவங்களே, என்ன வேடிக்கை?" என்று முறைக்கா ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள். குரல் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "லாரி நிக்குது. பழைய கேங், எழுந்திரிங்க!"

நெட்டை எழுந்தான். முட்டி சொடுக்கியது ஜன்னல்வரை கேட்டது. அவர்கள் ஒவ்வொருவராக லாரியில் சாய்த்திருந்த பலகையில் ஏறினார்கள். லாரி மதியம்வரை நின்றது. டிரைவர் திட்டினான், தூங்கினான், எழுந்து மறுபடி திட்டினான். மேனேஜர் படியிலேயே நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். நாளை என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டைப் பூட்டலாம், வேறு ஆட்களைக் கொண்டுவரலாம். அதை நாளை பார்த்துக்கொள்ளலாம். கைகொடுக்க யாரும் போகவில்லை. அவர்கள் முறை, அவர்கள்தான் இறக்க வேண்டும். நாத்தனார் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து வாயைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, அந்த மூட்டைக்குக் கல்யாணம் ஆகி குழந்தை பொறந்துடும் போல. சீக்கிரம் வா!"

"வாய மூடுடி!" என்றான் நெட்டை, மூட்டைக்கு அடியிலிருந்து.

கடைசி மூட்டை அடுக்கிய அட்டியின் மேல் உட்கார்ந்ததும் முறைக்கா விசையை அமுக்கினாள். கண் இமைக்கிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கறுப்பில் வெள்ளையாக ரயில் கேங் என்று வந்தது. ரயில்காரர்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். தரையில் கவிழ்ந்து கிடந்த போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. நாத்தனார் அதன்மேல் சும்மாட்டைப் போட்டு மூடிவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறந்தாள்.